ஒரே கப்பலில் வந்த அண்ணனும் தங்கையும்

என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே பந்தலில், ஒரே முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். மன்னார்குடிப் பக்கம் அப்பாவின் உறவில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். அண்ணனை நான் கட்டிக்கொண்டேன், தங்கையை என் அண்ணன் கட்டிக்கொண்டார். அதனால் அவளுக்கு நான் அண்ணி, எனக்கும் அவள் அண்ணி. கல்யாண வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நாங்களும் சிரித்தோம்.

நான் மலாக்காவில் காஜா பெராங்கில் பிறந்தவள். அப்பா தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்து நகரசபையில் வேலை பார்த்தவர். கான்வென்டில் படித்துவிட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். சுதந்திரம் எப்போது என்று பண்டார் ஹிலிர் திடலில் அறிவித்த அன்று, கூட்டத்தில் நின்று தொண்டை கட்டும்வரை ‘மெர்டேக்கா’ என்று கத்தியிருக்கிறேன். இந்த நாட்டில் எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று அதற்குப் பிறகு யாரையும் கேட்கவேண்டியிருக்காது என்றுதான் நினைத்தேன்.

கல்யாணம் முடிந்து நாங்கள் நால்வரும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். பினாங்கில் இறங்கி ஒரே வரிசையில் நின்றோம். அண்ணியின் காகிதங்களை வாங்கிப் பார்த்த அதிகாரி, “வைஃப்?” என்று அண்ணனைக் கேட்டார். “யெஸ்” என்றார் அண்ணன். முத்திரை விழுந்தது. அடுத்து என் கணவர். “ஹஸ்பண்ட்” என்றேன் நான். அதிகாரி என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுந்துபோய் இன்னொருவரிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். இவருக்கு வேறு முத்திரை. விருந்தாளியாக வந்து போகிறவர்களுக்குக் கொடுக்கிற விசிட் பாஸ். அதன் கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ எந்த வேலையும் செய்யக் கூடாது.

“என்ன எழுதியிருக்கு?” என்று என் கணவர் கேட்டார்.

“மலாக்காவுல போய்ச் சரிபண்ணிக்கலாம்” என்றேன். அப்படித்தான் நம்பினேன்.

என் கணவர் தையல்காரர். சட்டை, ஜாக்கெட்டோடு நிற்கிறவர் இல்லை. கோட்டுத் துணியை விரித்துப்போட்டுச் சாக்குக்கட்டியால் கோடு இழுத்து வெட்டக்கூடியவர். மலாக்கா டவுனில் கடை வைத்திருந்த காரைக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர், இவர் தைத்துப் போட்டிருந்த சட்டையின் காலரைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “நாளைக்கே வந்து உக்காருங்க” என்றார். நாளைக்கே உட்காரத்தான் முடியவில்லை. மனைவி இந்த நாட்டுக்காரி என்ற முறையில் நிரந்தரமாகத் தங்க மனுப் போடவேண்டும், அதற்கு முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது என்றார்கள். மனுவை எடுத்துக்கொண்டு குடிநுழைவு இலாகாவுக்குப் போனேன். கவுண்டரில் இருந்தவர் நம் ஆள், தமிழர்.

“ஸ்பான்சர் யாரு?” என்றார்.

“நான்தான்.”

“நீங்க பொம்பளையாச்சே.”

“சம்பளம் வாங்குற பொம்பள. கவர்மெண்ட் வேல.”

என் ஆப்பீஸ் கொடுத்த காகிதத்தைப் படித்துவிட்டு விரலை ஓரிடத்தில் வைத்தார். “டெம்பரரின்னு போட்டிருக்கே?”

“கல்யாணம் ஆனதால டெம்பரரி ஆக்கிட்டாங்க. அதுக்கு முன்னாடி வரைக்கும் நான் பெர்மனன்ட்.”

அப்போது அதுதான் வழக்கம். அரசாங்க வேலையில் இருக்கிற பெண் தாலி கட்டிக்கொண்டால் நிரந்தரம் போய்விடும். மாதாமாதம் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய தற்காலிக ஆளாகிவிடுவாள். அதே நாற்காலி, அதே வேலை. ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. டெம்பரரி ஆளு ஸ்பான்சர் பண்ண முடியாது. வீட்டுல வேற ஆம்பள யாராச்சும் இருக்காங்களா?”

இவரைக் கட்டிக்கொண்டதால் என்னைத் தற்காலிகமாக்கினார்கள். தற்காலிகமாக இருப்பதால் இவருக்கு நான் பொறுப்பேற்க முடியாது. இதை அந்த மனிதரிடம் நான் ஒன்றுக்கு இரண்டு தடவை சொன்னேன். அவருக்கு அதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. கடைசியில் என் அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டார். தன் மனைவிக்கும் போட்டார், என் கணவருக்கும் போட்டார். நான் பக்கத்தில் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வருஷத்து மழை விடுவதற்குள் அண்ணிக்கு, நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டையான சிவப்பு ஐசி வந்துவிட்டது. இவருக்குப் பதிலே இல்லை. செமாபோக்கில் அண்ணன் வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள். என் கணவர் இரண்டு தடவை வாங்கிக் குடித்துவிட்டுத் தங்கையின் தலையைத் தடவிக்கொடுத்தார். ஊரில் வீட்டு வாசலைத் தாண்டி வேலைக்குப் போயிராதவள் அவள். கையில் ஐசி வந்ததும் அண்ணன் அவளை அதே காரைக்குடிக்காரர் கடையில் காஜா எடுக்கவும் பட்டன் தைக்கவும் சேர்த்துவிட்டார். தன் அண்ணனுக்காக வைத்திருந்த இடத்தில் தங்கை போய் உட்கார்ந்தாள். அவளுக்கே அது கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, “அண்ணே, கை கோக்கும்போது தோள்ல சுருக்கம் விழுது. எப்படிண்ணே எடுக்குறது?” என்று கேட்பாள். இவர் பழைய துணியை எடுத்துக் காட்டிக்கொடுப்பார். அவள் போனதும் அந்தத் துணியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருப்பார்.

வீட்டு வேலை முழுக்க அவர் கைக்குப் போயிற்று. தண்ணீர் இறைத்தார், பாசாருக்குப் போய் மீன் வாங்கினார், நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது சோறு வடித்து வைத்திருந்தார். அவர் வைக்கும் மீன்குழம்பு என்னுடையதைவிட நன்றாக இருக்கும். எனக்கு அதில் குறை எதுவும் இல்லை. தெருவுக்குத்தான் குறை இருந்தது. பொண்டாட்டி சம்பாதிக்கிறாள், புருஷன் சட்டி கழுவுகிறான் என்று குழாயடியில் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். முடி வெட்டிக்கொள்ளப் போவதற்கு அவர் என் முகத்தைப் பார்த்து நிற்பார். கேட்கமாட்டார், நிற்பார். நானாகப் புரிந்துகொண்டு சட்டைப் பையில் காசு போட்டுவைப்பேன். நன்றாக வேலை தெரிந்த ஒரு மனிதரை இப்படி நிற்கவைத்ததற்கு எந்தச் சட்டத்தையும் நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

சில மாதத்துக்கு ஒருமுறை பாஸைப் புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அந்தக் கவுண்டர், அந்த ஆள். “மனு என்னாச்சு?” என்றால், “கோலாலம்பூர்ல இருக்கு” என்பார். அவ்வளவுதான்.

எங்கள் மகளுக்குத் தவழும் வயது இருக்கும்போதுதான் அந்தக் கெபாயா விவகாரம் வந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவர் ஒரு சிட்டி அம்மாள். சிட்டிகள் மலாக்காவில் பல தலைமுறையாக இருக்கிற இந்துக்கள். எங்கள் சாமிதான் அவர்களுக்கும் சாமி, பேச்சு மட்டும் மலாய். நான் அவரை மாமி என்று கூப்பிடுவேன், அது அவருக்குப் புரியும். மகள் கல்யாணத்துக்கு எடுத்துவைத்த கெபாயா, சாரோங்குக்கு மேலே போடுகிற பூவேலைச் சட்டை, தனக்குக் கையில் பிடிக்கிறது என்று மாமி ஒருநாள் கொண்டுவந்தார். என் அம்மா கொடுத்த தையல் மெஷின் எங்கள் வீட்டில் இருந்தது. என் கணவர் மகளுக்குக் கவுன் தைப்பது அதில்தான். கெபாயாவை வாங்கிப் பிரித்து, கைக்குழிக்குக் கீழே துணி விட்டு, பூவேலை கெடாமல் தைத்துக்கொண்டிருந்தார். மாமி ஒரு தட்டு நிறையப் பலகாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் இரண்டு அதிகாரிகள் வாசலில் நின்றார்கள். யாரோ எழுதிப் போட்டிருக்கிறார்கள். யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இவர் மெஷினில் இருந்தார். மலாய்க்கார அதிகாரி கேட்கக் கேட்க, கூட வந்த தமிழர் அதைத் தமிழில் சொன்னார்.

“இது யார் துணி?”

“பக்கத்து வீட்டம்மாவுது” என்றார் என் கணவர். பொய் சொல்ல அவருக்கு வராது.

“கூலி எவ்வளவு?”

“கூலி இல்லீங்க.”

“ஒண்ணுமே குடுக்கலையா?”

இவர் யோசித்தார். “பலகாரம் குடுத்தாங்க.”

அதை எழுதிக்கொண்டார்கள். பலகாரத்தை! நான் குறுக்கே போனேன். “அண்ட வீட்டுக்காரங்க ஒரு தட்டு குடுத்தா அது சம்பளமா? உங்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டுல இருந்து எதுவுமே வராதா?” என்று மலாயில் கேட்டேன். அந்த அதிகாரி என் பக்கம் திரும்பவே இல்லை. வாரக் கடைசிக்குள் ஆப்பீசுக்கு வரவேண்டும், பாஸ் ரத்தானாலும் ஆகலாம் என்று தமிழரிடம் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். கெபாயாவின் ஒரு கை மெஷின் ஊசியில் மாட்டியபடியே இருந்தது. மகள் அதன் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

ஆப்பீசுக்கு நாங்கள் கிளம்பிய அன்று மாமியும் கிளம்பி நின்றார். நான் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் போவதுபோலக் கொண்டையில் ஊசி செருகி, பிரச்சினைக்குரிய அந்தக் கெபாயாவையே போட்டுக்கொண்டு வந்தார். பெரிய அதிகாரியின் மேசைக்கு முன்னால் அவரை உட்காரச் சொல்வதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

“துவான், குவா காசி மாக்கான், புக்கான் காஜி!” நான் சாப்பிடக் கொடுத்தேன், சம்பளமாகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம். அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. எங்கள் மகள் பிறந்தபோது எனக்குப் பத்தியச் சோறு கொடுத்ததும் தான்தான், அதற்கும் பெர்மிட் எடுத்திருக்க வேண்டுமா, அப்படியானால் காஜா பெராங்கில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எல்லாரையும் பிடித்துக்கொண்டு வாருங்கள், அடுப்பை அணைத்துவிட்டு வருகிறோம் என்றார்.

பெரிய அதிகாரி வயதான மலாய்க்காரர். சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பாஸை ரத்துச் செய்யவில்லை. ஆனால் எச்சரிக்கை எழுதினார். தையல் மெஷின் வீட்டில் இருந்தால் மறுபடி புகார் வரும், அதை அப்புறப்படுத்திவிடுவது நல்லது என்றும் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதாகவே அவர் நினைத்திருப்பார்.

என் அம்மா கொடுத்த மெஷினைப் பேச்சாவில், சைக்கிள் ரிக்‌ஷாவில், ஏற்றிச் செமாபோக்குக்கு அனுப்பினோம். மகளின் கவுன்களை அதன்பிறகு இவர் கையால் தைத்தார். மெஷின் தையலுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. கையால் தைப்பது வேலை இல்லையா என்று யாராவது கேட்டு வருவார்களோ என்று நான் வாசலைப் பார்த்தபடியே இருப்பேன். சொந்தக் குழந்தைக்குச் சட்டை தைக்கிற மனிதருக்கு மனைவி காவல் இருந்தாள். இப்படியும் ஒரு குடித்தனம்.

அவர் பேச்சு குறைந்தது. சாயங்காலம் தெங்கேரா வரை நடந்துபோய்க் கடலைப் பார்த்துவிட்டு வருவார். “என்ன இருக்கு அங்க?” என்று கேட்டால், “தண்ணிதான்” என்பார்.

அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஊரிலிருந்து தந்தி வந்தது. அவருடைய அம்மா இறந்துவிட்டார். என் மாமியாருக்கு இருந்தது ஒரே மகன், ஒரே மகள். இருவரும் இந்த ஊரில். எடுக்கிறதற்குப் போய்ச்சேர முடியாது. கப்பலைப் பிடித்தால் கருமாதிக்குப் போய்விடலாம். அதுவாவது மகன் கையால் நடக்கவேண்டும் என்று குடிநுழைவு இலாகாவுக்கு ஓடினோம்.

கவுண்டர்காரர் தந்தியைப் படித்துவிட்டு, “பாவம்” என்றார். பிறகு, “தாராளமா போகலாம். ஆனா பாஸ் இங்கயே முடிஞ்சிடும். மனுவும் விழுந்துடும். திரும்பி வரணும்னா அங்கேருந்து புதுசா எழுதிப் போடணும்” என்றார்.

“புதுசா போட்டா வர விடுவாங்களா?” என்று இவர் கேட்டார். அந்த ஆப்பீசில் அவராக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

“அத நான் சொல்ல முடியாது.”

“தங்கச்சி?”

“அவங்க சிவப்பு ஐசி. மனைவியா வந்தவங்க. திரும்பி வர்றதுக்கு ஒரு பெர்மிட் எழுதிக்கிட்டுப் போகலாம், ஒண்ணும் பிரச்சினை இல்ல.”

ஒரே வயிற்றில் பிறந்த இருவர். ஒரே கப்பலில் வந்தவர்கள். ஒரே தாய் இறந்திருக்கிறாள். மகள் போகலாம், கருமாதி செய்யவேண்டிய மகன் போனால் பெண்டாட்டி பிள்ளையை மறுபடி பார்ப்பது நிச்சயமில்லை. நான் கவுண்டர்காரரை விட்டுவிட்டு நேராகப் பெரிய அதிகாரியின் அறைக்குள் போனேன். யாரோ தடுத்தார்கள். நான் நிற்கவில்லை.

தந்தியை அவர் மேசையில் வைத்தேன். மலாயில் ஆரம்பித்தேன், கோபம் ஏற ஏற ஆங்கிலத்துக்குப் போய்விட்டேன். எல்லாவற்றையும் கேட்டார். கதவை மூடச் சொல்லிவிட்டுச் சொன்னார்: “உங்களுக்கு விதி புரியவில்லை. மனைவி கணவன் ஊருக்குப் போவாள் என்பதுதான் விதியின் அடிப்படை. உங்கள் வழக்கமும் அதுதானே? நீங்கள் அவரோடு இந்தியாவுக்குப் போயிருந்தால் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.”

“நான் பிறந்தது இந்த ஊர். நான் எதற்குப் போகவேண்டும்?”

“ஒரு யோசனைக்குச் சொன்னேன்.”

“நான் ஆம்பளையாகவும் அவர் பொம்பளையாகவும் இருந்திருந்தால் இந்த மனு எப்போது முடிந்திருக்கும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “வந்த வருஷமே” என்றார். பொய் சொல்லவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் உண்மையைச் சொன்னதோடு அவருக்கு வேலை முடிந்துவிட்டது. எனக்கு முடியவில்லை.

இவர் போகவில்லை. நான் போகச் சொன்னேன், என்ன ஆனாலும் ஆகட்டும், எழுதிப் போட்டு வாங்கிக்கொள்வோம் என்றேன். இவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். “அம்மா என்ன சொல்லியிருக்கும்னு நெனச்சுப் பாத்தேன். பிள்ளைய விட்டுட்டு வராதேன்னுதான் சொல்லியிருக்கும்” என்றார்.

அண்ணி போனாள். பஸ் ஸ்டாண்டில் இவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “உனக்குப் பதிலா நான் போறேன்னு அம்மா கோவிச்சுக்குமாண்ணே?” என்று கேட்டாள். இவர் அவளைத் தூக்கி நிறுத்தி, “நீ போறியே, அது போதும்” என்றார். ஊரில் பெரியப்பா மகன் ஒருவன் எல்லாம் செய்தான். அதே நாளில் இங்கே இவர் மொட்டை போட்டுக்கொண்டு தெங்கேராவில் கடலில் முழுகினார். பூசாரி யாரும் இல்லை. நான் வடித்துக் கொடுத்த சோற்றை உருண்டை பிடித்துத் தண்ணீரில் விட்டார். என் அண்ணன் குடம் பிடித்தார், மாமி கரையில் நின்று கும்பிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அங்கே நின்றுகொண்டு அந்த ஆப்பீசில் இருந்த ஒவ்வொருவரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சாவுக் காரியத்தில் அப்படித் திட்டக்கூடாது என்று தெரியும்.

அதற்குப் பிறகு எனக்கு விடுமுறை நாள் என்றால் அது குடிநுழைவு இலாகாவுக்குத்தான். போய் பெஞ்சில் உட்காருவேன். மகளையும் கூட்டிப்போவேன். அவள் நடக்கப் பழகினது பாதி அந்தத் தரையில்தான். என் மேலதிகாரி கூப்பிட்டு, இன்னோர் இலாகாவோடு சண்டை போடுவது மாதாமாதம் புதுப்பிக்கிற ஆளுக்கு நல்லதில்லை என்றார். “புதுப்பிக்காவிட்டால் வீட்டில் இரண்டு பேர் வேலையில்லாமல் இருப்போம், அப்போது தினமும் போவேன்” என்றேன். அவர் அதோடு விட்டுவிட்டார்.

மகள் பள்ளிக்கூடத்துக்குப் போக ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் இவருக்குச் சிவப்பு ஐசி வந்தது. ஏன் அப்போது வந்தது, ஏன் அதற்கு முன் வரவில்லை என்று யாரும் சொல்லவில்லை. கவுண்டர்காரர் எடுத்துக் கொடுத்து, “இனிமே வேல செய்யலாம். சந்தோஷமா?” என்றார். என் கணவர் கும்பிட்டு நன்றி சொன்னார்.

வெளியே வந்ததும், “ஒரு நன்றி சொல்லியிருக்கலாம்ல?” என்றார்.

“எதுக்கு?”

அவர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

காரைக்குடிக்காரர் கடையில் வெட்டுவதற்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டார். இவர் மெஷினில் போய் உட்கார்ந்தார். எது எங்கே இருக்கிறது என்று தங்கை காட்டிக்கொடுத்தாள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். “கை மறந்துபோச்சு” என்றார். ஒரு வாரத்தில் நினைவு வந்துவிட்டது என்று அண்ணி சொன்னாள். செமாபோக்கிலிருந்து மெஷின் திரும்பி வந்தது.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். அறுபதுகளின் கடைசியில் இன்னொரு சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள், சிவப்பு ஐசிக்காரர்கள் உட்பட, வேலை செய்யப் பெர்மிட் வாங்கவேண்டும். அண்ணி அதற்குள் குடியுரிமை வாங்கியிருந்தாள். இந்நாட்டு ஆணின் மனைவிக்கு அதற்குத் தனி வழி உண்டு. இந்நாட்டுப் பெண்ணின் கணவனுக்கு அந்த வழி இல்லை. ஆகவே மறுபடி இவர் மட்டும் வரிசையில் நின்றார். இந்தத் தடவை பெர்மிட் வர அதிக நாளாகவில்லை. அந்த நாட்களில் அவர் வீட்டில் இருந்து மீன்குழம்பு வைத்தார். நான் கோபத்தில் சாப்பிடாமல் எழுந்தேன். “குழம்பு மேல என்ன கோவம்?” என்று கேட்டு மறுபடி உட்காரவைத்தார்.

அவர் கடைசிவரை சிவப்பு ஐசியோடுதான் இருந்தார். யாரையும் குறை சொல்லி நான் கேட்டதில்லை. என் பிள்ளைகள், அப்பாவே மறந்துவிட்டதை நீங்கள் ஏன் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்கிறார்கள். அவர் மறக்கவில்லை. அம்மாவின் திதி வரும் ஒவ்வொரு வருஷமும் அன்று கடையில் மெஷினைத் தொடமாட்டார். தெங்கேராவுக்குத் தனியாகப் போவார். நான் வருகிறேன் என்றால், “நீ வந்தா சண்டை போடுவ” என்பார். உண்மைதான். போட்டிருப்பேன்.